முப்பத்தெட்டாவது கம்பம்

"பக்கத்துல" என்ற வார்த்தையை அக்காவின் எதிரில் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போச்சு. "பக்கத்துலன்னா எத்தினி அடி?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்சம் தள்ளி, அப்பவே, சுமாரா, யாரோ ஒருத்தர் - இவையெல்லாம் அவருக்குக் கெட்ட வார்த்தைகள். எங்கள் கம்பெனியில் நிஜமான கெட்ட வார்த்தைகளுக்குப் பஞ்சமே கிடையாது. சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதற்கெல்லாம் அக்கா முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. யாராவது "அங்கதான்க்கா எங்கயோ வச்சேன்" என்றால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. அக்கா அங்கே செக்கர். தைத்து வரும் சட்டையை விரித்து, கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் இஞ்ச் டேப்பால் அளந்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது அவர் வேலை. நான் காலர் தைக்கும் வரிசையில் இருந்தேன். பத்தொன்பது வயது. என் காலர்களை அக்கா திருப்பி அனுப்பாத நாள் கிடையாது. "கால் இஞ்ச்தானேக்கா" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "கால் இஞ்ச் கால் இஞ்சா நவுந்துகினே போனா கடைசில அது சட்டையே இல்லடி" என்றார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு ஒரு சாவுச் செய்தி வந்தது. தூரத்துச் சொந்தம். அக்கா உடனே இன்னொருவருக்குப் போன் போட்டுச் சொன்னார்: "ஆறு இருவதுக்கு உசுரு போச்சு. ஆறரைன்னு சொல்லிகினு திரியறாங்க, நம்பாத." நாங்கள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். செத்தவருக்கே அந்தப் பத்து நிமிடம் பெரிசாக இருந்திருக்காது.

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். ஆனால் எழுதினால் இன்னமும் சிலருக்குக் கோபம் வரும், அந்தச் சிலர் இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கம்பெனிப் பெண்கள் அவரைக் கம்பத்தக்கா என்று கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால்தான்.

அதற்குக் காரணம் எங்கள் ரோடு. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, காலி பிளாட்டுகளையும் ஒரு ஏரியையும் தாண்டி எங்கள் ஊருக்குள் வரும் ரோடு அது. கம்பெனி வேன் உள்ளே வராது. மெயின் ரோட்டு முனையில்தான் நிற்கும். காலையில் ஆறரைக்குக் கிளம்பி அதுவரை நடக்க வேண்டும். வழியெல்லாம் தெருவிளக்குக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் நம்பர். முனையில் ஒன்று, ஊருக்குள் கடைசியில் எழுபத்திரண்டு. இதில் முப்பத்தெட்டாவது கம்பம் வரைக்கும் ஒரு போலீஸ் ஸ்டேஷன், அதை இந்தப் பக்கத்து ஸ்டேஷன் என்போம். முப்பத்தொன்பதிலிருந்து வேறொன்று, அது அந்தப் பக்கத்து ஸ்டேஷன். இது ரோட்டில் எங்கேயும் எழுதி இருக்காது. அக்காவுக்குத் தெரியும்.

தெரிந்துகொள்ள அவருக்குப் பதினோரு நடை ஆனது. அவருடைய தங்கையை அந்த ரோட்டு ஓரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் அடிக்கிறவன். ஒரு மத்தியானம் அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடி வந்து ரோட்டில் விழுந்துவிட்டாள். அக்கா அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். எங்கே விழுந்தாள் என்று கேட்டார்கள். ஏரி பக்கத்துல என்று சொன்னார். ஏரிக்கு எல்லாப் பக்கமும் கரை இருக்கிறது, இது எங்க லிமிட் இல்லை, அங்கே போ என்றார்கள். அங்கே போனால் இங்கே போ. நாலு நாள் அந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே நடந்தார். ஐந்தாம் நாள் தங்கை போய்விட்டாள். அவளிடம் வந்து யார் அடித்தது என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் ஆள் வரவில்லை.

"நாலு நாளு, பதினோரு தபா" என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவர் கையில் ஒரு சட்டை இருந்தது. அளந்துகொண்டே சொன்னார். "ஏரி பக்கத்துலன்னு சொன்னேன் பாரு, அது என் தப்பு. கம்பத்தப் பாத்து நம்பரச் சொல்லி இருந்தா ஸ்டேஷன்காரனுக்குத் தட்டிக் கழிக்க வழி இருந்திருக்காது."

வழி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் ரோட்டில் இரண்டையும் ஏற்றுக்கொள்ள இடமே கிடையாது. ஆனால் அக்கா அதை நம்பினார். தப்பு தன் வாயில்தான் நடந்தது, அதைத் திருத்திவிட்டால் போதும் என்று நம்பினார்.

அதனால் வேனில் ஏறியதும் பாடம் நடக்கும். "உன் ஊட்டாண்ட எந்தக் கம்பம்?" "அறுவத்தி ஒண்ணுக்கா." "பூக்காரம்மா கடை?" "பதினாறு." "பாலம்?" "முப்பத்தி ஏழுக்கும் முப்பத்தி எட்டுக்கும் நடுவுலக்கா." நாங்களும் சேர்ந்து விளையாட்டாக்கிவிட்டோம். யாருக்காவது லவ்வர் இருந்தால், "இன்னாடி, இருவத்தி ரெண்டாம் கம்பம் நேத்து பைக்ல வந்துதே" என்று கிண்டல் செய்வோம். எல்லோரையும்விட வேகமாகப் பதில் சொல்கிறவள் பவானி. என் கூடவே காலர் தைப்பவள். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, மன்னிக்க வேண்டும், ஆறு வீடு தள்ளி அவள் வீடு. அம்மா மட்டும்தான் அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச் ஹாலில் பெண்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்க ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். அக்கா இந்துதான், ஆனாலும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் எல்லை பார்க்காமல் வாங்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருப்பதாக வக்கீலம்மா சொன்னார். அக்கா எழுந்து அதை ஒரு தாளில் நம்பர் போட்டு எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். மறுநாளே வேலைக்கு லீவு போட்டு இரண்டு ஸ்டேஷனுக்கும் போய்க் காட்டினார். இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து அவரிடமே கொடுத்து, "நல்லா கீதும்மா, பத்திரமா வச்சிக்க" என்றார்களாம். அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் வாங்கியே பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்து ஸ்டேஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரோட்டை மறிக்க வைக்கும் இரும்புத் தடுப்புகள் இருக்கின்றனவே, அந்த ஸ்டேஷனுக்கு அதை வாங்கிக் கொடுத்தது எங்கள் ஊர் வேன் காண்டிராக்டர். உபயம் என்று போட்டு அவர் கம்பெனி பெயரைச் சிவப்பில் எழுதியிருக்கும். ஸ்டேஷன் வாசலில் இருக்கும் குடிதண்ணீர்த் தொட்டியும் அவருடைய உபயம்தான். அவர் மகன் எந்நேரமும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.

அந்தக் காலை நடந்ததை அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தபடியே சொல்கிறேன். ஆறு முப்பத்தெட்டு. பவானி முன்னால் போனாள், நான் செருப்பு வார் அறுந்து பின்தங்கி நாற்பத்தோராம் கம்பத்தில் குனிந்திருந்தேன். வெள்ளை வேன் ஒன்று என்னைத் தாண்டிப் போய் அவளருகில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவள் ஒருமுறைதான் கத்தினாள். வேனின் பின் கண்ணாடியில் இருந்த பெயரும் ஸ்டேஷன் தடுப்பில் இருக்கும் பெயரும் ஒன்று. முப்பத்தெட்டாவது கம்பம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப் போய், தரையில் கிடந்த அவளுடைய டிபன் பையையும் துப்பட்டாவையும் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். ஒரு செருப்பையும். நாலு பேர் வருகிற ரோடு, ஒரு பெண்ணின் துப்பட்டா அங்கே கிடக்கக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது. அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள்.

முனையில் நின்றிருந்த அக்காவிடம் போய் மூச்சு வாங்கியபடி சொன்னேன். "எந்தக் கம்பம்?" என்றார். சொன்னேன். அதன்பிறகுதான் என் கையைப் பார்த்தார்.

"இத்த ஏன் எடுத்த?"

"ரோட்டுல கிடந்துதுக்கா. யாராவது பாத்தா அவளத்தான தப்பா பேசுவாங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "போவுது. எடத்தக் காட்ட உன் வாய் கீது. வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்று இருவரும் வேலைக்குப் போகவில்லை.

இந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் புதிதாக வந்திருந்தார். நல்லவராகத்தான் இருந்தார், அல்லது இன்னும் கெட்டுப்போக நேரம் கிடைக்கவில்லை. எங்களோடு வந்திருந்த பவானியின் அம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அக்கா நீட்டிய சட்டத் தாளையும் படித்தார். "வாங்கணும்தான். ஆனா நான் எழுதிட்டு, எல்லை எங்களோடது இல்லன்னு அவங்க பக்கம் மாத்திட்டா அப்புறம் ஒண்ணும் நடக்காது. எங்க லிமிட்னு உறுதியா இருந்தா நானே தேடுவேன். யாரும் என்னைத் தடுக்க முடியாது" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அக்கா சட்டத் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். "நான் பாக்கல. இந்தப் பொண்ணுதான் பாத்துது."

"அப்ப காலைல எட்டு மணிக்கு இவளை இடத்துக்கே கூட்டிட்டு வாங்க. கையக் காட்டட்டும். எழுதிக்கிறேன்."

அன்று சாயங்காலம் என் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் முன்னால் நிற்கிற மனுஷர், எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கத்தவில்லை, மிரட்டவில்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு என் அண்ணனைப் பற்றித்தான் பேசினார். அண்ணனுக்கு அரசாங்க வேலை கிடைத்திருந்தது. போலீஸ் விசாரணைத் தாள் ஒன்று மட்டும் பாக்கி. நாங்கள் இருப்பது அறுபத்தோராம் கம்பம், ஆகவே அந்தத் தாள் இருப்பது அந்தப் பக்கத்து ஸ்டேஷனில்.

"உன்ன யாரும் பொய் சொல்லச் சொல்லலம்மா" என்றார். "பாத்தது பாத்ததுதான். ஒரே ஒரு கம்பம் தள்ளிச் சொல்லிடு. ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல எவ்ளோ இருக்கும், நூறு அடி. அந்தப் பக்கத்து ஸ்டேஷன்லயே கண்டுபிடிச்சிக் குடுத்துடுவாங்க. அந்தப் பொண்ணு எங்கயும் போயிடாது, ரெண்டு நாள்ல வந்துடும். லவ் மேட்டரா இருக்கும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை. இவர்கள் யாராவது வேண்டாம் என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என அவர்களும் காத்திருந்தார்களோ என்னவோ. யாரும் சொல்லவில்லை.

காலையில் எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். பவானியின் அம்மாவை அழைத்து வரவில்லை, அக்காவும் நானும்தான். ரோட்டில் நடந்தோம். முப்பத்தெட்டாவது கம்பத்தைத் தாண்டும்போது என் கால் தானாக நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை. அடுத்த கம்பத்தில் போய் நின்று, "இங்க மேடம்" என்றேன்.

அக்கா கம்பத்தில் இருந்த நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"நேத்து முப்பத்தி எட்டுன்ன."

"பயத்துல சொல்லிட்டேன்க்கா. இதுதான்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. "அப்ப இது அவங்க லிமிட்மா. நான் தகவல் சொல்லிடறேன்" என்று ஜீப்பில் ஏறினார். அக்கா அங்கேயே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி மண்ணில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்தேன்.

பவானி நாலாம் நாள் ஏரியில் கிடைத்தாள். காதல் தோல்வி, தானே விழுந்துவிட்டாள் என்று அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் எழுதினார்கள். அவளுக்குக் காதலே கிடையாது. அவள் இறந்தது முதல் நாளா, மூன்றாம் நாளா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் நாளாக இருக்க வேண்டும் என்று நான் இத்தனை வருடமாக ஜெபம் செய்கிறேன். ஒரு பெண் சீக்கிரம் செத்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்கிறவள் நான். அண்ணனின் தாள் அடுத்த வாரமே கையெழுத்தாகி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அக்கா பவானியின் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் வழியாக இருவரும் தெரிந்தார்கள். பின்பக்கமாக ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அம்மா அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

அந்தம்மா நேராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அடிக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

"இவங்க சொன்னாங்கம்மா. நீ முப்பத்தி எட்டுன்னு கடைசி வரிக்கும் நின்னியாம். ஸ்டேஷன்காரங்கதான் மாத்தி எழுதிகினாங்களாம். என் பொண்ணுக்கோசரம் நீ ஒருத்தியாவது நின்னியே தாயி. நீ நல்லா இருக்கணும்."

என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா, அப்பா, அண்ணன். அக்கா வாசல்படிக்கு வெளியே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா முன்னால் போனதும் நான் அக்காவின் பின்னால் ஓடினேன். "ஏங்க்கா அப்படி சொன்னீங்க?" என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேனா, கோபமாகக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை.

"உனுக்கோசரம் சொல்லல" என்றார். "அந்தம்மா தெனம் உன் ஊட்டத் தாண்டித்தான் தண்ணிக்குப் போவணும். அத்தினி வெறுப்ப வச்சிகினு எப்டி நடக்கும்?"

நான் நின்றேன். அக்கா இரண்டடி போய்த் திரும்பினார்.

"அன்னிக்கி ஸ்டேஷன்ல, நீங்க பாத்தீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லி இருந்தா முடிஞ்சிது. அந்த ஒரு பொய் எனுக்கு வாயில வரல. இன்னிக்கி வந்துது. இப்ப வந்து இன்னா பிரயோஜனம், சொல்லு."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. காண்டிராக்டரின் வேன்தான் கம்பெனிக்கு ஓடியது. அக்காவுக்கு அதில் இடமில்லை என்று டிரைவர் சொல்லிவிட்டான். கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்தார், தாமதம் என்று கம்பெனியில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். குத்தம்பாக்கம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பக்கம் என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

எனக்குக் கல்யாணமாகி, அதே ரோட்டில்தான் இருக்கிறேன். என் மகளுக்கு இப்போது பதினேழு. காலேஜில் சேர்ந்திருக்கிறாள், காலையில் முனைவரை நடந்து போகிறாள். போன வாரம் பவானியின் அம்மா எதிரில் வந்தார். நன்றாக மூப்பு வந்துவிட்டது, கண் சரியாகத் தெரிவதில்லை. என் மகளை நிறுத்தி, அவள் கன்னத்தைத் தடவி, "எதுக்கும் பயப்படாத கண்ணு. உங்கம்மா மாரி தைரியமா இருக்கணும்" என்றார்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி பாட்டின்னு சொல்லு" என்றேன்.